டீசல் பிக்கப்பில் ஃப்யூல் பிரஷர் கோளாறு: லோடு வண்டிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பொலேரோ பிக்கப், தோஸ்த், இன்ட்ரா, யோதா என்று பட்டறைக்கு எந்த வண்டி வந்தாலும் டீசல் பிரஷர் பற்றிய சந்தேகங்கள் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறேன். இங்கே சொல்வதெல்லாம் காமன் ரெயில் வண்டிகளுக்கு, அதாவது ரெயில் என்ற ஒரே பொதுக்குழாயில் டீசலை அழுத்தி வைத்து, சிலிண்டரில் பீய்ச்சும் எல்லா இன்ஜெக்டருக்கும் கொடுக்கும் வண்டிகளுக்கு. பழைய லைன் பம்ப், ரோட்டரி பம்ப் வண்டிகளுக்குப் பாதிதான் பொருந்தும்.

ஃப்யூல் பிரஷர்னா எது அண்ணே? டேங்க்ல இருந்து வர்றதா, ரெயில்ல நிக்கிறதா?

இரண்டும்தான், ஆனால் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. டேங்கில் தொடங்கி ஃபில்டர் வழியாகப் பெரிய பம்ப் வாசல் வரை லோ பிரஷர் பக்கம். பம்புக்குப் பிறகு ரெயில், இன்ஜெக்டர் எல்லாம் ஹை பிரஷர் பக்கம். ஐடிலில் ரெயிலில் சுமார் 250 முதல் 350 பார் நிற்கும். முழு லோடில் 1,400, 1,600 என்று ஏறும், சில என்ஜின்களில் 1,800-ஐத் தொடும். பிக்கப்பின் பின் டயரில் நாம் அடிக்கும் காற்று சுமார் 4 பார்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

லோ பிரஷர் பக்கம் இரண்டு விதமாக இருக்கும். சில வண்டிகளில் டேங்குக்குள் கரண்ட் மோட்டார் உட்கார்ந்து டீசலைத் தள்ளும். மற்றவற்றில் பெரிய பம்போடு சேர்ந்த சின்ன கியர் பம்ப் டீசலை உறிஞ்சி எடுக்கும். சாவியை ஆன் செய்ததும் டேங்க் பக்கம் இரண்டு மூன்று நொடி மோட்டார் சத்தம் கேட்டால் உங்களுடையது தள்ளும் வகை. இதைத் தெரிந்துகொள்ளாமல் கோளாறு தேட இறங்க வேண்டாம். ஏன் என்பது ஏர் பற்றிய கேள்வியில் வரும்.

பிரஷர் குறைஞ்சா வண்டியில என்னென்ன தெரியும்?

செல்ஃப் நீளமாக அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகும். ஏற்றத்தில் இழுவை இருக்காது. ஆக்சிலரேட்டரை அமுக்கினாலும் ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்மைத் தாண்டாமல் வண்டி அடங்கிப் போகும். என்ஜினின் கம்ப்யூட்டரான இசிஎம் தானே பவரைக் குறைத்துவிடுகிறது, அதைத்தான் லிம்ப் மோடு என்கிறோம். சில சமயம் ஐடிலில் ஆர்பிஎம் ஏறி இறங்கி ஆடும், ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்தும் போகும்.

இவற்றில் எதுவும் பிரஷருக்கு மட்டுமே உரிய அடையாளம் இல்லை. பேட்டரி டல்லாக இருந்தாலும் செல்ஃப் நீளும், டர்போ ஹோஸ் கிழிந்தாலும் இழுவை போகும். அதனால் அறிகுறியை வைத்துப் பார்ட்ஸ் கடைக்குப் போகாதீர்கள்.

ஸ்கேனர்ல பி0087 வருது. பம்ப் போச்சு, மாத்தணும்னு சொல்றாங்க. சரிதானா?

அந்தக் கோளாறு எண், அதாவது நாம் 'கோடு' என்பது, சொல்வது ஒன்றே ஒன்று: ரெயிலில் இசிஎம் கேட்ட பிரஷர் வரவில்லை. ஏன் வரவில்லை என்று அது சொல்லவில்லை. டேங்க் வடிகட்டியில் குப்பை, அடைத்த ஃபில்டர், ஹோஸில் ஏர், பம்புக்குள் போகும் டீசலை அளந்து விடும் மீட்டரிங் வால்வில் சிக்கல், பிரஷர் மிஞ்சினால் திறக்கும் ரெயில் ரிலீஃப் வால்வில் கசிவு, ஒரு இன்ஜெக்டர் அளவுக்கு மீறித் திருப்பி விடும் ரிட்டர்ன் டீசல், தேய்ந்த பம்ப், பொய் சொல்லும் சென்சார் என எல்லாவற்றுக்கும் இதே பி0087 வரும். இதில் பம்ப் ஒரே ஒரு சாத்தியம், அதுவும் விலை அதிகமானது.

ஈஎம்ஐ கட்டி ஓட்டும் வண்டிக்காரர் கோடைப் பார்த்த கையோடு பம்புக்குப் பணம் கட்டிவிட்டு, கோளாறு ஃபில்டருக்கு முன்னால் இருந்தது என்று பிறகு தெரிந்துகொள்வதைப் பார்க்க வயிறு எரிகிறது. பம்ப் மாற்றச் சொல்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "பம்புக்கு டீசல் சரியா வருதுன்னு எப்படிப் பார்த்தீங்க?" பதில் இல்லை என்றால் சோதனை இன்னும் முடியவில்லை.

அப்ப எங்க இருந்து ஆரம்பிக்கிறது?

டேங்கில் இருந்து. டீசல் பாயும் வழியிலேயே நாமும் போக வேண்டும். டேங்க் மூடி, உள்ளே வடிகட்டி, ஹோஸ், ஃபில்டர், கையால் அமுக்கி டீசல் ஏற்றும் பிரைமர், பம்ப் வாசல், அதற்குப் பிறகுதான் ஹை பிரஷர் பக்கம். முன்பாதியைப் பார்க்க ஸ்பேனர், ஒரு சுத்தமான கேன், கொஞ்சம் கண்ணாடி டியூப் (உள்ளே ஓடுவது தெரியும் பிளாஸ்டிக் டியூப்) போதும். பின்பாதிக்கு ஸ்கேனரும் அனுபவமும் வேண்டும்.

டீசல் முள்ளை நம்பாதீர்கள். முள் கால் டேங்க் காட்டியும் உள்ளே டீசல் இல்லாமல் நின்ற வண்டிகள் உண்டு. 10 லிட்டர் ஊற்றிப் பார்ப்பதால் நஷ்டம் எதுவும் இல்லை.

ஃபில்டர் இப்பத்தான் மாத்தினேன். அதையே ஏன் திரும்பத் திரும்பக் கேக்குறீங்க?

மாற்றியது எப்போது என்பதைவிட, அதற்குப் பிறகு என்ன டீசல் ஊற்றினீர்கள் என்பதுதான் முக்கியம். ஒரு தடவை தண்ணீர் கலந்த டீசல் போதும், புது ஃபில்டரும் அடைத்துவிடும். ஃபில்டருக்கு அடியில் உள்ள டிரெயின் திருகைத் திறந்து ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் பிடியுங்கள். ஐந்து நிமிஷம் அசைக்காமல் வைத்தால் தண்ணீர் அடியில் தனிக்கோடாகப் பிரிந்து நிற்கும், டீசல் மேலே நிற்கும். தண்ணீரும் டீசலும் பிரியாமல் பால் போலக் கலங்கி நின்றால் அதுவும் கெட்ட அறிகுறிதான். டம்ளரை வெயிலில் பிடித்துப் பாருங்கள். வெள்ளித் தூள் போல மின்னினால் வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு, இரும்புத் தூள் பற்றிய கேள்விக்குப் போங்கள்.

விலை குறைவு என்று டூப்ளிகேட் ஃபில்டர் போடாதீர்கள். அதன் காகிதம் தூசியை விட்டுவிடும், அல்லது சீக்கிரம் அடைக்கும். மாற்றும்போது சீக்கிரம் ஸ்டார்ட் ஆகட்டும் என்று கேனில் இருக்கும் டீசலைப் புது ஃபில்டரின் நடுத்துளையில் ஊற்றுவது பெரிய தப்பு. அது வடிகட்டிய பிறகு டீசல் வெளியேறும் வழி. அங்கே ஊற்றும் தூசி நேராகப் பம்புக்குப் போகும். காலியாகவே மாட்டி, கை பிரைமரை அது கெட்டிப்படும் வரை அமுக்குங்கள்.

காலையில மட்டும் ஸ்டார்ட் ஆக லேட்டாகுது. ஏர் எடுக்குதுன்னு சொல்றாங்க. ஒரு சொட்டு டீசல் கூட வெளிய ஒழுகலையே, எப்படி ஏர் போகும்?

உறிஞ்சும் வகை வண்டியில் ஒழுகாமலேயே ஏர் போகும். டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் உள்ள ஹோஸில் ஓட்டத்தின்போது அழுத்தம் கிடையாது, இழுப்புதான் இருக்கிறது. சின்ன விரிசல் இருந்தால் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். வண்டி ராத்திரி நிற்கும்போது அதே வழியில் காற்று நுழைந்து, பைப்பில் இருந்த டீசல் டேங்குக்கே திரும்பிவிடும். காலையில் செல்ஃப் அடிக்கும் நேரமெல்லாம் அந்த டீசலைத் திரும்ப மேலே இழுப்பதில் போகிறது. தள்ளும் வகை வண்டியில் விரிசல் இருந்தால் வெளியே நனையும், கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு அடி கண்ணாடி டியூபை கிளாம்ப் போட்டு மாட்டி, என்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள். ஸ்டார்ட் ஆன கொஞ்ச நேரத்தில் குமிழ் நின்றுபோக வேண்டும். தொடர்ந்து குமிழ் வந்தால் ஏர் நுழைகிறது. பிறகு டியூபை ஒவ்வொரு இணைப்புக்கும் முன்னால் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே டேங்க் பக்கம் போங்கள். எங்கே குமிழ் வராமல் நின்றுபோகிறதோ, அதற்குப் பம்ப் பக்கமாக அடுத்துள்ள இணைப்பில்தான் கோளாறு. பெரும்பாலும் ஃபில்டர் தலையின் ஓ-ரிங், வெடித்த பிரைமர் பல்பு, வெயிலில் காய்ந்த ஹோஸ் முனை இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும்.

காலையில் நன்றாக எடுத்து, சூடான பிறகு ஸ்டார்ட் ஆகத் தகராறு செய்தால் கதை வேறு. சூட்டில் டீசல் நீர்த்துப் போகும், தேய்ந்த இடங்களில் கசிவு கூடும். அங்கே பம்பையும் இன்ஜெக்டர் ரிட்டர்னையும் சந்தேகப்படுங்கள்.

அரை மணி ஓடினா நின்னுடுது. பத்து நிமிஷம் விட்டுட்டு அடிச்சா ஒண்ணுமே நடக்காத மாதிரி எடுக்குது. என்ன மாயம் இது?

அடுத்த தடவை நின்றதும் முதல் வேலையாக டேங்க் மூடியைத் திறங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு, உடனே வண்டி எடுத்தால் மூடியின் மூச்சுத்துளை அடைத்திருக்கிறது. டீசல் குறையக் குறைய டேங்குக்குள் காற்று போக வழியில்லாமல் இழுப்பு கூடி, பம்பால் உறிஞ்ச முடியாமல் போகிறது. செங்கல், ஜல்லி, சிமெண்ட் லோடு அடிக்கும் வண்டிகளில் இதை நிறையப் பார்க்கலாம்.

மூடி நன்றாக இருந்தால் டேங்குக்குள் பாருங்கள். கேனில் டீசல் ஊற்றும்போது கிழிந்து விழுந்த பிளாஸ்டிக் துண்டு, துணி நூல், உரிந்த பெயிண்ட் ஏதாவது உள்ளே மிதக்கும். வண்டி ஓடும்போது அது உறிஞ்சும் குழாயின் வாயில் ஒட்டிக்கொள்ளும். என்ஜின் நின்றதும் இழுப்பு விட்டு, தானாக விலகிவிடும். அதனால்தான் ஷெட்டுக்கு வந்தால் ஒன்றும் தெரிவதில்லை. இதற்கு நல்ல சோதனை கேன் சோதனைதான்: சுத்தமான 5 லிட்டர் கேனில் டீசல் ஊற்றிப் பத்திரமாகக் கட்டி, ஃபில்டருக்குப் போகும் ஹோஸையும் ரிட்டர்ன் ஹோஸையும் அதில் போட்டு ஓட்டிப் பாருங்கள். அப்போது நிற்கவில்லை என்றால் ஃபில்டருக்குப் பின்னால் உள்ள எதையும் தொட வேண்டியதில்லை. தள்ளும் வகை வண்டிக்கு இது பொருந்தாது. அதில் டேங்க் மோட்டாருக்கு வரும் கரண்டையும் அது தள்ளும் பிரஷரையும் கேஜ் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஏத்தத்துல மட்டும் இழுக்கல. டர்போவா டீசலான்னு எப்படிப் பிரிக்கிறது?

கண்ணாடியில் பின்னால் பாருங்கள். கரும்புகை தள்ளிக்கொண்டு இழுக்காமல் இருந்தால் டீசல் போகிறது, காற்றுதான் போதவில்லை. டர்போ ஹோஸ், இன்டர்கூலர், ஏர் ஃபில்டர், புகையில் கொஞ்சத்தை என்ஜினுக்கே திருப்பும் ஈஜிஆர் பக்கம் போங்கள். புகையே இல்லாமல் தளர்ந்தால் டீசல் போதவில்லை என்று சந்தேகப்படலாம். புதிய மாசு விதிப்படி வந்த பிஎஸ்6 வண்டிகளில் டிபிஎஃப் என்ற வடிகட்டி புகையின் கரியைப் பிடித்துவைத்துக்கொள்வதால் இந்த அடையாளம் அவ்வளவாக உதவாது, ஸ்கேனர்தான் வழி.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் லோடோடு ஏறும் வண்டிக்கு, தரையில் வெறும் வண்டியாகச் செய்யும் சோதனை எதையும் சொல்லாது. பாதி அடைத்த ஃபில்டர் ஐடிலுக்கு வேண்டிய டீசலைத் தாராளமாக விடும், முழு லோடுக்குத்தான் பற்றாது. ஸ்கேனரை மாட்டி, பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து, லோடோடு ஏற்றத்தில் ஓட்டி ரீடிங்கைப் பதிவு செய்யுங்கள்.

ஸ்கேனர்ல ஆயிரம் நம்பர் ஓடுது. எதைப் பார்க்கணும்?

நான்கு போதும். இசிஎம் கேட்கும் ரெயில் பிரஷர், உண்மையில் இருக்கும் பிரஷர், மீட்டரிங் வால்வு எவ்வளவு திறந்திருக்கிறது, ஆர்பிஎம். கேட்பது 1,200, இருப்பது 1,180 என்றால் கவலை இல்லை. கேட்பது 1,200, இருப்பது 800, வால்வோ முழுக்கத் திறந்திருக்கிறது என்றால், இசிஎம் தன்னால் ஆனதைச் செய்துவிட்டது. டீசல் வரவில்லை, அல்லது வந்தது எங்கோ ஓடுகிறது. வால்வு திறக்கவே இல்லாமல் பிரஷர் குறைந்தால் கட்டளைப் பக்கம், அதாவது வயரிங், சென்சார், இசிஎம் பக்கம் தேட வேண்டும்.

ஸ்டார்ட் ஆகாத வண்டியில் செல்ஃப் அடிக்கும்போதே ஆர்பிஎம்மைப் பாருங்கள். என்ஜின் சுற்றியும் பூஜ்யம் காட்டினால் கிராங்க் சென்சார்தான் சந்தேகம், பிரஷர் விஷயமே இல்லை. ஆர்பிஎம் வந்தும் ரெயில் பிரஷர் 100-ஐக்கூடத் தாண்டவில்லை என்றால், பல வண்டிகளில் இசிஎம் இன்ஜெக்டரைத் திறக்கவே உத்தரவு கொடுக்காது. அப்போது சைலன்சரில் புகையே வராது. வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போய் எரியாமல் வருகிறது, ஹீட்டர் பிளக், கம்ப்ரஷன் பக்கம் பாருங்கள்.

டீசல் வருதான்னு பார்க்க இன்ஜெக்டர் பைப் நட்டை லூஸ் பண்ணலாமா? பழைய வண்டியில எல்லாம் அப்படித்தானே பண்ணுவோம்?

கூடாது. பழைய வண்டியில் ஏர் எடுக்க அதுதான் வழி, காமன் ரெயிலில் அது உயிரோடு விளையாடுவது. என்ஜின் ஓடும்போதோ செல்ஃப் அடிக்கும்போதோ ஹை பிரஷர் நட் எதையும் தொடாதீர்கள். அந்த அழுத்தத்தில் ஊசிமுனை அளவு கசிவு போதும், டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். கசிவு எங்கே என்று விரலால் தடவிப் பார்க்கும் பழக்கம் இன்னும் ஷெட்டுகளில் இருக்கிறது, தயவுசெய்து விடுங்கள். ஒரு அட்டைத் துண்டைத் தள்ளிப் பிடித்துப் பாருங்கள்.

அப்படி யாருக்காவது டீசல் ஏறிவிட்டால் காயம் சின்னப் புள்ளியாகத்தான் தெரியும், முதலில் வலிகூட இருக்காது. அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், ஹை பிரஷரில் டீசல் உள்ளே ஏறியிருக்கிறது என்று அதே வார்த்தைகளில் சொல்லுங்கள். அவசர ஆபரேஷன் தேவைப்படும், நேரம் கடந்தால் விரலே போகலாம். பைப் கழற்ற வேண்டிய வேலை இருந்தால் என்ஜினை அணைத்து, ஸ்கேனரில் ரெயில் பிரஷர் இறங்கியதைப் பார்த்த பிறகே ஸ்பேனர் வையுங்கள்.

இன்ஜெக்டர்ல பாட்டில் கட்டி ரிட்டர்ன் பார்க்கிறாங்களே, அதுல என்ன தெரியும்?

ஒவ்வொரு இன்ஜெக்டரும் கொஞ்சம் டீசலை ரிட்டர்ன் லைனில் திருப்பி அனுப்பும். உள்வால்வு தேய்ந்தால் அது கூடும், ரெயிலில் பிரஷர் நிற்காது. ரிட்டர்ன் குழாய்களைக் கழற்றி ஒரே அளவு பாட்டில்களில் விட்டு, இரண்டு மூன்று நிமிஷம் ஐடிலில் ஓடவிட்டு அளவை ஒப்பிடுகிறோம். மூன்றில் விரல்கடை டீசலும் ஒன்றில் பாதிப் பாட்டிலும் இருந்தால் அதுதான் குற்றவாளி. நான்கும் சமமாக, ஆனால் எல்லாம் அதிகமாக இருந்தால் செட்டே தேய்ந்திருக்கிறது. சரியான வரம்பு கம்பெனி கையேட்டில் இருக்கும். ஸ்டார்ட் ஆகாத வண்டியில் செல்ஃப் அடித்தே பார்க்கலாம். காந்தச் சுருளுக்குப் பதில் பீசோ படிகத்தால் இயங்கும் பீசோ வகை இன்ஜெக்டரில் மட்டும் இந்தச் சோதனையை இப்படிச் செய்யாதீர்கள், சிலவற்றுக்கு ரிட்டர்னில் பிரஷர் இருந்தால்தான் வேலை செய்யும்.

ரிட்டர்ன் எல்லாம் சரி, ஃபில்டர் சரி, ஏர் இல்ல. ஆனா பிரஷர் ஏறல. இப்பவாவது பம்ப்தானே?

இன்னும் இரண்டு பாக்கி. ரெயில் முனையில் உள்ள ரிலீஃப் வால்வு சாதாரண ஓட்டத்தில் மூடியே இருக்க வேண்டும். அதன் ரிட்டர்னைத் தனியாகக் கழற்றிப் பாருங்கள், டீசல் ஓடினால் வால்வு கசிகிறது. அங்கே இருப்பது ரிலீஃப் வால்வு இல்லாமல் கரண்டில் இயங்கும் கன்ட்ரோல் வால்வு என்றால் கொஞ்சம் டீசல் திரும்புவது இயல்பு, குழம்ப வேண்டாம். அடுத்தது பம்பில் இருக்கும் மீட்டரிங் வால்வு. கழற்றினால் அதன் சின்ன வலையில் அழுக்கோ துருவோ பிடித்திருப்பது தெரியும். இரண்டும் சரி, பம்ப் வாசலுக்கு ஏர் இல்லாமல் டீசல் வருகிறது, இன்ஜெக்டர்கள் கசியவில்லை என்றால், ஆமாம், இப்போது பம்பைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சுக்கு அனுப்பலாம்.

ரெயில் சென்சார் பிளக்கைப் புடுங்கினா வண்டி நல்லா ஓடுது. சென்சார்தான் கெட்டுப்போச்சா?

சந்தேகம் நியாயம், முடிவு அவசரம். பிளக்கை எடுத்ததும் சில வண்டிகளில் இசிஎம் ஒரு மாற்று மதிப்பை வைத்து ஓட்டும், வேறு சிலவற்றில் என்ஜின் அணைந்துவிடும். சென்சார் உள்ளதைவிட அதிகமாகக் காட்டினால் இசிஎம் பிரஷரைக் குறைத்துவிடும். அப்போது ஸ்கேனரில் கேட்டதும் இருப்பதும் அழகாகப் பொருந்தும், வண்டி மட்டும் இழுக்காது. ரீடிங் சரி, வண்டி சரியில்லை என்றால் முதலில் நினைக்க வேண்டியது இதைத்தான்.

என்ஜின் நின்று நன்றாக ஆறிய பிறகு சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். பிரஷர் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும், சிக்னல் வயரில் சுமார் 0.5 வோல்ட். அதைவிட வெகுவாக ஏறியிருந்தால் சென்சாரை வாங்கும் முன் 5 வோல்ட் சப்ளையையும் எர்த்தையும் அளந்துவிடுங்கள். அதே 5 வோல்ட் லைனில் தொங்கும் வேறொரு சென்சார் ஷார்ட் ஆனாலும் இதன் ரீடிங் கெடும். எலி கடித்த வயருக்குப் புது சென்சார் மருந்தாகாது.

பம்ப்ல இரும்புத் தூள் வந்திருக்கு. பம்பை மட்டும் மாத்தினா போதுமா?

போதாது. பம்பில் உரசிய தூள் ரெயிலுக்கும் இன்ஜெக்டருக்கும் போய்விட்டது, ரிட்டர்ன் வழியாக டேங்குக்கும் திரும்பிவிட்டது. பம்பை மட்டும் மாற்றினால் அதே தூள் புதுப் பம்பையும் தின்றுவிடும். டேங்கை இறக்கிக் கழுவி, பைப்புகளைச் சுத்தம் செய்து, ஃபில்டர் மாற்றி, இன்ஜெக்டர்களைப் பெஞ்சில் சோதித்து, ரெயிலையும் பார்க்க வேண்டும். செலவு பயமுறுத்தும். ஆனால் பாதி வேலை செய்தால் அந்தச் செலவு இரண்டு தடவை வரும்.

இந்தப் பம்புக்கு எண்ணெய் போட வேறு வழி கிடையாது, டீசலே அதன் மசகு. தண்ணீரோ மண்ணெண்ணெயோ கலந்தால் அந்த வழவழப்பு போய்விடும். 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் வரும் பிஎஸ்6 டீசலில் கந்தகம் 10 பிபிஎம்தான், முன்பு 50. கந்தகம் எடுக்கும்போது இயல்பான வழவழப்பும் குறைகிறது, சுத்திகரிப்பு ஆலையிலேயே அதற்கு மருந்து சேர்த்துத்தான் அனுப்புகிறார்கள். நல்ல பங்கில் வாங்கும் டீசலுக்கு 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கான ஆயில்) ஊற்றத் தேவையில்லை. பிஎஸ்6 வண்டியில் அதன் சாம்பல் டிபிஎஃப்பில் போய்த் தங்கும்.

பங்க்ல தவறி பெட்ரோல் போட்டுட்டாங்க. கொஞ்சம்தான். டீசல் ஊத்தி நிரப்பிட்டா ஓடிடுமா?

சாவியை ஆன்கூடச் செய்யாதீர்கள். தள்ளும் வகை வண்டியில் ஆன் செய்த உடனே மோட்டார் அதை முன்னால் அனுப்பிவிடும். பெட்ரோல் டீசலின் மசகைக் கரைத்துவிடும், மேலே சொன்ன இரும்புத் தூள் அங்கேதான் தொடங்குகிறது. வண்டியைத் தள்ளி ஓரமாக நிறுத்தி, டேங்கைக் காலி செய்து, ஃபில்டர் மாற்றிய பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள்.

பி0088 வருது, பிரஷர் அதிகமாம். அதிகமா இருந்தா நல்லதுதானே?

நல்லதில்லை. என்ஜின் தடதடவென்று அடிக்கும், ரிலீஃப் வால்வு திறந்து பிரஷர் சட்டென்று விழும், வண்டி லிம்ப் மோடுக்குப் போகும். மீட்டரிங் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கலாம், ரிட்டர்ன் லைன் நசுங்கியோ அடைத்தோ இருக்கலாம், சென்சார் குறைவாகக் காட்டுவதால் இசிஎம் ஏற்றிக்கொண்டே போயிருக்கலாம். இங்கேயும் மலிவான ரிட்டர்ன் ஹோஸில்தான் தொடங்க வேண்டும். சோதனைக்காக மீட்டரிங் வால்வு பிளக்கைப் பிடுங்காதீர்கள். பல பம்புகளில் கரண்ட் இல்லாவிட்டால் அது முழுக்கத் திறந்துகொள்ளும்.

இன்ஜெக்டர் மாத்தியாச்சு, பிரஷரும் சரியா நிக்குது. ஆனா ஐடில் ஆடுது, தட்டுது. என்ன விட்டுப் போச்சு?

இன்ஜெக்டர் தலையில் பொறித்திருக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த கோடை இசிஎம்மில் ஏற்றினார்களா என்று கேளுங்கள். ஒவ்வொரு இன்ஜெக்டரும் டீசல் விடும் அளவில் நூலிழை வித்தியாசம் இருக்கும், இசிஎம் அந்தக் கோடை வைத்துத்தான் அதைச் சரிக்கட்டும். சிலிண்டர் மாற்றி ஏற்றினாலும் இதே தட்டல் வரும். கோடும் சரி என்றால் இன்ஜெக்டர் அடியில் உள்ள செம்பு வாஷரைப் பாருங்கள். பழைய வாஷரையே திரும்பப் போட்டிருந்தாலோ அடியில் கரி தட்டியிருந்தாலோ கம்ப்ரஷன் மேலே கசிந்து 'சுக் சுக்' என்று சத்தம் வரும், இன்ஜெக்டரைச் சுற்றிக் கறுப்புத் தாராகக் கட்டும்.

ஆயில் டிப்ஸ்டிக்கையும் உருவிப் பாருங்கள். மட்டம் ஏறி டீசல் வாசனை அடித்தால், இன்ஜெக்டரோ பம்ப் சீலோ டீசலை ஆயிலுக்குள் விடுகிறது. பிஎஸ்6 வண்டியில் டிபிஎஃப் ரீஜெனரேஷன், அதாவது சேர்ந்த கரியை எரித்துச் சுத்தம் செய்யும் வேலை, பாதியில் பாதியில் நின்றாலும் இப்படி ஆகும். காரணம் தெரிந்து ஆயில் மாற்றும் வரை அந்த வண்டியில் லோடு ஏற்றாதீர்கள்.